எரிக்கச் சொன்ன கம்பளி

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் ‘தோட்டத்தில்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். செடிக்குக் கவ்வாத்து வெட்டினேனா, தேயிலை ஸ்டோரில் நின்றேனா என்று அதற்கு மேல் யாரும் குடைவதில்லை. உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில், ஏழு வருடம் நான் நாய்களுக்கு உண்ணி பொறுக்கினேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் என்னை நாய்க்காரன் என்றார்கள். ‘நாய்க்காரன் பொண்டாட்டி’ என்று கூப்பிட்டவளோடு என் மனைவி தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சண்டை போட்டிருக்கிறாள்.

சிரிக்கிறவர்கள் ஒரு உண்ணியை ஒழுங்காகப் பிடுங்கிக் காட்டட்டும். வெடுக்கென்று இழுத்தால் தலை சதைக்குள்ளேயே தங்கிப் புண்ணாகிவிடும். தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக மெல்ல இழுக்க வேண்டும். காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வால் தொடங்குகிற இடம் என்று அது ஒளிகிற இடங்கள் எனக்கு விரல்நுனியில் இருந்தன. ரத்தம் குடித்துக் குடித்து ஆமணக்கு முத்து அளவுக்கு ஊதிப்போன பெட்டை உண்ணியை லயத்துச் சனங்கள் கல்லில் வைத்துத் தேய்ப்பார்கள், இல்லாவிட்டால் அப்படியே விட்டெறிவார்கள். அது கிடந்த இடத்திலேயே ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் ஒரு சிகரெட் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில்தான் போடுவேன். தெள்ளுப்பூச்சிக்குக் குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றிச் சவுக்காரம் போட வேண்டும். உடம்பில் தண்ணீர் பட்டதும் தெள்ளெல்லாம் முகத்துக்கு ஓடும், நுரை அதைத் தடுத்துவிடும். இதெல்லாம் துரையின் மனைவி துரைசாணி சொல்லிக் கொடுத்தது பாதி, நானாகக் கண்டுபிடித்தது பாதி. தோட்டத்திலேயே இந்த விஷயம் முழுசாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அதனால்தான் நடந்ததைத் தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தோட்டத் தமிழர் எங்களுக்கு ஓட்டுரிமை இல்லாமல் போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. துரை ஒரு தடவை நண்பர்களோடு கீழ்நாட்டுக் காட்டுக்கு வேட்டைக்குப் போனார். இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது இரண்டின் காதுகளிலும் உண்ணி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. எங்கள் மலைக் குளிருக்கு உண்ணி அதிகம் தங்காது. அதுவரைக்கும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் டின் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் குறையவில்லை. நாய்கள் இரண்டும் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு தடித்த கம்பளியின் மேல்தான் படுக்கும். நான் பொறுக்கப் பொறுக்க அந்தக் கம்பளியின் மடிப்பிலிருந்து புதிதாக ஏறிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் துரைசாணி கம்பளியை ஒரு கோலால் தூக்கி வாசலில் போட்டாள். “இத எரி. இப்பவே எரி” என்றாள்.

நான் அதைச் சுருட்டிக்கொண்டு பங்களாவின் பின்பக்கம் போனேன். குப்பை எரிக்கிற குழி அங்கேதான். நெருப்புப்பெட்டியும் கையில் இருந்தது. கம்பளியைத் தொட்டுப் பார்த்தேன். சீமையிலிருந்து வந்தது. ஓரத்தில் பட்டு வைத்துத் தைத்திருந்தது. என் வீட்டில் பிறந்து மூன்று மாதமான பிள்ளை இருந்தது. தென்மேற்கு மழை பிடித்துக்கொண்ட நேரம். சுவரெல்லாம் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. என் மனைவி பிள்ளையைப் பழைய சேலையில் நாலு சுற்றுச் சுற்றிச் சாக்குக்குள் வைத்துக்கொண்டு படுப்பாள். அப்படியும் பிள்ளையின் கால் ஐஸ் மாதிரி இருக்கும். நாய்க்கு இப்படியொரு கம்பளி, என் பிள்ளைக்குச் சாக்கா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. குழியில் நாலு பழைய துணியைப் போட்டுப் புகை கிளப்பினேன். கம்பளியைச் சாக்கில் திணித்து லயத்துக்குக் கொண்டு வந்தேன்.

“எரிக்கச் சொன்னத ஏங்க கொண்டாந்தீங்க?” என்று என் மனைவி கேட்டாள்.

“கழுவிட்டா சரியாயிரும் புள்ள. எனக்குத் தெரியாதா?”

கொதிக்கிற தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் வைத்திருந்தால் முட்டையும் செத்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் பங்களாவில் கம்பளி கழுவுவதற்கென்று ஒரு முறை இருந்தது. கம்பளித் துணியைக் கொதிதண்ணீரில் போட்டால் சுருங்கி, சின்னப்பிள்ளை சட்டை மாதிரி ஆகிவிடும். துரை காலில் போடுகிற கம்பளி மேசோட்டை ஒரு தடவை அப்படிச் சுருக்கிவிட்டுப் பங்களாச் சமையல்கார அப்பு வாங்கிய திட்டை நான் காதால் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நல்ல சாமானைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பங்களா முறைப்படி கைபொறுக்கிற சூட்டில் தண்ணீர் வைத்து, சவுக்காரம் போட்டு, மெல்லக் கசக்கினேன். லயத்தில் வேறு யார் கையில் அந்தக் கம்பளி கிடைத்திருந்தாலும் அண்டாவில் போட்டு அவித்து எடுத்திருப்பார்கள். நான்தான் படித்த ஆள் மாதிரி நடந்துகொண்டேன்.

மழையில் அது காய மூன்று நாள் ஆனது. காய்ந்த அன்றைக்கு ராத்திரி என் பிள்ளை அசையாமல் தூங்கினான். என் மனைவியின் முகத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன்.

லயத்தில் எங்களுக்குப் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில், ஒரு அக்கா இருந்தார். உறவு முறையில்லை, வயதில் மூத்தவர் என்பதால் அக்கா. இருபது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. புருஷன் இறந்து, தாயும் இறந்த பிறகு காம்பராவில் தனியாள். கொழுந்து பறிப்பதில் கை நல்ல வேகம். எதிரில் நின்று வாயைத் திறந்து நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துகொள்வார். பிரச்சினை காலையில்தான். விடியும் முன்னே தப்படித்து எழுப்புவார்கள். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைக்குப் பெயர் போடாமல் விரட்டிவிடுவார்கள். அடிக்கடி அப்படி நடந்தால் வேலைக்கு வராத ஆளுக்குக் காம்பரா எதற்கு என்று, துரைக்குக் கீழே ஆட்களை மேய்க்கிற கண்டாக்கு ஐயா கேட்பார். அக்காவுக்குப் போக வேறு இடம் கிடையாது.

அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரு செவலை நாய். அது அவர் காலடியில் படுக்கும். தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து போர்வையைப் பல்லால் பிடித்து இழுக்கும். அவர் எழுந்து உட்காரும்வரை விடாது. யாரும் பழக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டது. ஆறு வருடத்தில் அக்கா ஒரு நாள்கூடப் பெரட்டுக்குப் பிந்தியதில்லை.

என் மேல் பங்களா நாய்களின் வாசம் இருக்கும் என்பதாலோ என்னவோ, அந்தச் செவலைக்கு என்னைக் கண்டால் ஒரே கொண்டாட்டம். பகலில் என் பிள்ளையை வைத்துக்கொண்டு மனைவி வாசல் இஸ்தோப்பில் உட்காருவாள். செவலை வந்து கம்பளியின் ஒரு முனையில் சுருண்டு படுக்கும். பிள்ளைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மூன்று நாலு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் செவலையின் காதைத் தடவிக்கொண்டிருந்தபோது என் விரலில் ஒன்று தட்டுப்பட்டது. பார்க்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது. மற்றக் காதைப் புரட்டினேன். கம்பளியின் பட்டு ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். தையலுக்குள் பொடி உண்ணிகள் எள் கொட்டின மாதிரி ஊர்ந்தன. பிள்ளையின் தொடை இடுக்கிலும் ஒன்றிருந்தது. அதை நசுக்காமல் பிடுங்கி எடுத்தேன். என் மனைவி பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கம்பளியைச் சாக்கில் கட்டி விறகுக்கு மேல் எறிந்தேன். அப்போதும் எரிக்கவில்லை. இந்தத் தடவை கொதிக்கவைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது. எங்கள் மூன்று லயத்திலும் பதினொரு நாய்கள். வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொறுக்கினேன். சனங்கள் புகையிலைத் தண்ணீர் தடவினார்கள், சாம்பலைப் பூசினார்கள், வேப்பெண்ணெய் தேடி டவுனுக்குப் போனார்கள். “நாய்க்காரன் நம்ம நாயையும் பாக்குறானே, நல்ல மனசுதான்” என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கூசியது.

அந்த வாரத்தில்தான் பங்களாவின் தவிட்டுநிற நாய் படுத்துவிட்டது. கப்பலில் வந்த நாய். தின்னவில்லை. ஈறு மஞ்சளாகிவிட்டது. மூத்திரம் பால் விடாத சாயத்தண்ணி நிறத்தில் போனது. துரை அதைக் காரில் போட்டு நுவரெலியாவுக்குக் கொண்டு போனார். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்களாம். மூன்றாம் நாள் கணப்புக்குப் பக்கத்திலேயே அது செத்தது. துரைசாணி தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அதைப் பொய் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாலு வருடம் என் மடியில் தலைவைத்துக் கிடந்த நாய் அது.

குழி வெட்டிப் புதைத்துவிட்டு நிமிர்ந்தபோது துரை என் பக்கத்தில் நின்றார். கண்டாக்கு ஐயாவும் இருந்தார்.

“லயத்து நாய்க்கெல்லாம் உண்ணி இருக்குது. அங்க இருந்துதானே வந்தது? சொல்லு” என்றார் துரை.

வேட்டைக்குப் போன கதை அவருக்குத் தெரியாததா? அவர்தானே கூட்டிக்கொண்டு போனார். ஆனாலும் அதை நான் சொல்லப் போனால், லயத்துக்கு எப்படிப் போனது என்று அடுத்த கேள்வி வரும். கம்பளி வரும். பங்களாச் சாமானைத் திருடியவன் என்று, வேலையை நிறுத்துகிற பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். திருட்டுப் பெயரோடு போகிறவனை எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனைவியை நினைத்தேன்.

“ஆமாங்க தொரை” என்றேன்.

அந்த இரண்டு சொல்தான். லயத்து நாய்களைச் சுடச் சொல்லி மறுநாள் பெரட்டில் உத்தரவு வந்தது. மூன்று நாள் தவணை. கண்டாக்கு ஐயா உரக்க வாசித்தபோது அக்கா பக்கத்தில் நின்ற பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கையைத் துப்பாக்கி மாதிரி வைத்துக் காட்டினாள்.

மூன்று நாளும் சாயங்காலம் செவலையை மடியில் போட்டுக்கொண்டு தேடினேன். மண்ணெண்ணெய் விளக்கை அக்கா பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அதன் உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லை. கூட்டிக்கொண்டு போய்க் கண்டாக்கு ஐயாவிடம் காட்டினேன்.

“ஐயா, இது சுத்தமா இருக்குங்க. அந்த அக்காவுக்குக் காது கேக்காது. இது இல்லாட்டி பெரட்டுக்கு வர முடியாதுங்க.”

“ஒண்ண விட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? தொரைக்கி யார் பதில் சொல்றது?” என்றார். அவர் பொல்லாத மனுஷன் இல்லை. கொஞ்ச நேரம் நாயைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் ஆட்களெல்லாம் மலைக்குப் போன பிறகு வாச்சர் துப்பாக்கியோடு வந்தார். நாய்கள் எனக்குப் பழக்கம் என்பதால் என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகக் கயிறு போட்டுக் கொண்டு வந்தேன். செவலைக்குக் கயிறே தேவைப்படவில்லை. நாக்கைச் சொடுக்கினேன், வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வழக்கம்போல உண்ணி பார்க்கப் போகிறேன் என்று நினைத்து, என் முன்னால் உட்கார்ந்து காதைக் காட்டியது.

வெடிச்சத்தம் மலைக்குக் கேட்டதாம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்தி லயத்துப் பக்கம் திரும்பினார்கள் என்று பிறகு என் மனைவி சொன்னாள். அக்கா ஒருத்தர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் பறித்துக்கொண்டே இருந்தாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் அந்தக் கம்பளியை எரித்தேன். மழைச் சாரலில் ஈரமாகியிருந்ததால் நெருப்புப் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னை உண்ணிகளோடு அதன் மேல் கவிழ்த்தேன். மயிர் பொசுங்குகிற நாற்றம் லயம் முழுக்க அடித்தது. அக்கா வந்து நின்றார். அழுது முகம் வீங்கியிருந்தது.

“நல்ல கம்பளியாச்சே தம்பி. ஏன் எரிக்கிற? எனக்குக் குடுத்திருக்கலாமே. இனிமே காலு குளிரும்” என்றார்.

“உண்ணி அக்கா” என்று வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரத்துக்குள் இரண்டு நாள் அக்காவைப் பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறும் கூடையோடு அவர் திரும்பி வருவதை என் மனைவி பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். “தொரைக்கி முன்னாடிதான் வாய் தொறக்கல. கையையாவது அசைங்க” என்றாள். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கும், ஆனால் கூரைவரை போகாது. சாக்குத் தைக்கிற சணலில் ஒரு கயிறு திரித்துச் சுவருக்கு மேலாக விட்டோம். மறுமுனையை அக்கா படுக்கும்போது மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். தப்புச் சத்தம் கேட்டதும் நான் இழுப்பேன். அவர் இரண்டு தடவை பதிலுக்கு இழுப்பார். எழுந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படி நடந்தது. காய்ச்சல் கண்ட நாளிலும் நான் தவறவில்லை. அக்கா லயமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்தார். ரொட்டி சுட்டால் என் பிள்ளைக்குத்தான் முதல் ரொட்டி. யாராவது என்னை நாய்க்காரன் என்றால் அவர் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போவார். அது எனக்கு ஒரு தண்டனையாகவே இருந்தது.

பிறகு அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் நாய் வளர்க்கிறவர் இல்லை. லயத்தில் மறுபடி நாய்கள் தலைகாட்டின. வட்டகொடையில் இருந்த என் மச்சான் வீட்டில் ஒரு செவலைக் குட்டி இருந்தது. அதை வாங்கி, கழுத்தில் முதலில் நுரை போட்டுக் குளிப்பாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் கொண்டு போனேன். அவர் எனக்குச் சாயத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுக் குட்டியை எட்ட இருந்தே பார்த்தார்.

“வேணாம் தம்பி. இன்னொண்ண வளத்து அதையும் பறிகுடுக்க என்னால ஆகாது. அதான் நீ இருக்கியே. அன்னைக்கிக்கூட நீ பக்கத்துல நின்னதாலதான் அது பயப்படாமப் போச்சுன்னாங்க. அது போதும் எனக்கு.”

என்னால் தாங்க முடியவில்லை. குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் அதன் காதைப் புரட்டித் தேடிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசத் தொடங்கினேன். வேட்டை, கம்பளி, எரிக்கச் சொன்னது, வெதுவெதுப்பான தண்ணீர், துரை கேட்டது, நான் சொன்ன “ஆமாங்க” எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவான குரலில், வேகமாகச் சொன்னேன். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில்தான் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்ற கணக்கும் ஆகும், அவருக்குத் தெரியவும் வேண்டாம் என்பதுதான் என் புத்தி.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறிப்போச்சு. குடி” என்றார்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு, பாரம் இறங்கியவன் மாதிரி வந்து படுத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

காலையில் தப்படித்தது. கயிற்றை இழுத்தேன். எதிர்ப்பக்கம் கனமே இல்லை. சுவருக்கு மேலாக முழுக் கயிறும் வந்து என் முகத்தில் விழுந்தது. முனையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, நுனி பிரிந்துவிடாமல் நூலால் சுற்றியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், கதவு பூட்டியிருந்தது. பெரட்டுக் களத்தில் பனிக்குள் முதல் ஆளாகக் கூடையோடு அக்கா நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கண்மூடாமல் உட்கார்ந்தே பொழுதை விடியவைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எப்படி எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் பிந்தவில்லை. நான் சொன்னதை யாரிடமும் அவர் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் லயத்துச் சனங்கள் என்னை உரித்திருப்பார்கள். என் மனைவியிடம் எப்போதும்போலப் பேசினார். என் பிள்ளைக்கு ரொட்டி கொடுத்தார். நான் எதிரில் போய் நின்று “அக்கா” என்று வாயைத் திறந்தால் மட்டும் கண்ணைக் கீழே போட்டுக்கொள்வார். நாங்கள் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை அவர் என் உதட்டைப் பார்க்கவேயில்லை.